போன மாதம் எவ்வளவு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதி மேம்பாலத்தைப் பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. பணி 78 சதவீதம் முடிந்தது, மார்ச்சில் திறப்பு என்று. வீட்டில் அதைப் படித்துவிட்டு "அப்பாடா, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றார்கள். நான் போய் என் டைரியை எடுத்து வந்தேன். எனக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு, இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் தேதியையும் சதவீதத்தையும் குறித்து வைத்துவிடுவேன். போன வருஷம் அக்டோபரில் 70. ஜனவரியில் 74. ஏப்ரலில் 76. ஜூலையில் 77. இப்போது 78. ஐந்தும் உங்கள் பத்திரிகையில் வந்தவைதான்.

கொஞ்சம் கவனியுங்கள். முதல் மூன்று மாதத்தில் 4 ஏறியது, அடுத்த மூன்றில் 2, அப்புறம் 1, அப்புறம் 1. மிச்சம் 22 இருக்கிறது. இந்த வேகத்திலேயே போனால் ஐந்தரை வருஷம் ஆகும். அவ்வளவு ஆகும் என்று நான் சொல்லவில்லை, நாளைக்கே நாலு கிரேன் வந்து இறங்கினால் கணக்கு மாறிவிடும். ஆனால் இந்த ஐந்து எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் மார்ச் என்று எழுதியிருக்க மாட்டார், எழுதினாலும் "எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எழுதியிருப்பார்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கட்டுமானத் துறையில் பிளானிங் இன்ஜினியராக இருந்தவன். சிமென்ட், கம்பியைத் தொட்டதை விட எக்செல் தாளைத் தொட்டதுதான் அதிகம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், 78 என்ற எண் தனியாக நின்றால் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. காய்ச்சல்காரனுக்கு 100 டிகிரி என்று மட்டும் சொன்னால் டாக்டர் என்ன செய்வார்? காலையில் எவ்வளவு இருந்தது என்றுதானே முதலில் கேட்பார்.

சதவீதம் ஏன் முதலில் ஓடிவிட்டுக் கடைசியில் நொண்டுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. பைல் (மண்ணுக்குள் இறக்கும் அடித்தூண்), பியர் (அதன் மேல் நிற்கும் தூண்), கர்டர் (தூண்களுக்கு மேல் வைக்கும் உத்திரம்) இவற்றுக்குத்தான் பணம் பெரிது, அதனால் கணக்கில் எடையும் பெரிது. அந்த வேலைகள் முடிந்தவுடன் 70 தாண்டிவிடும். மிச்சம் இருப்பது இ.பி. கேபிளை மாற்றுவது, குடிநீர்க் குழாயைத் தள்ளிப் போடுவது, இரண்டு பக்கமும் இறங்குசாலைக்கு இடம் எடுப்பது. பணக் கணக்கில் சின்னது, கையெழுத்துக் கணக்கில் பெரியது. வேளச்சேரி வரை பறக்கும் ரயில் 2007-இலேயே வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். ஆதம்பாக்கம் பக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத் தகராறில் மாட்டிக்கொண்டு அது எத்தனை வருஷம் நின்றது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீளக் கணக்கில் பார்த்தால் அப்போதும் '90 சதவீதம் முடிந்தது'தான்.

எங்கள் தொழிலில் இதற்கென்று இரண்டு அளவுகோல் உண்டு, எஸ்.பி.ஐ., சி.பி.ஐ. (சி.பி.ஐ. என்றதும் ரெய்டுக்கு வருகிறவர்களையும் நினைக்க வேண்டாம், கதிர் அரிவாளையும் நினைக்க வேண்டாம், இது மூன்றாவது.) 100 கோடி ரூபாய் வேலை, 12 மாத ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் மாத முடிவில் 50 கோடிக்கு வேலை நடந்திருக்க வேண்டும், நடந்தது 40 கோடிக்கு, அதற்குச் செலவானது 48 கோடி. 40-ஐ 50-ஆல் வகுத்தால் 0.8, அது எஸ்.பி.ஐ., காலத்தில் எவ்வளவு பின்தங்கி இருக்கிறோம் என்று சொல்லும். 40-ஐ 48-ஆல் வகுத்தால் 0.83, அது சி.பி.ஐ., ஒரு ரூபாய் போட்டால் 83 காசுக்குத்தான் வேலை கிடைக்கிறது என்று அர்த்தம். இதே போக்கில் போனால் 100 கோடி வேலை 120 கோடியில் போய் நிற்கும். கணக்கு அவ்வளவுதான், எட்டாம் வகுப்புப் பையன் போடுவான். அமெரிக்க ராணுவத் துறை 1967-இலேயே தன் ஒப்பந்தக்காரர்களுக்கு இந்த மாதிரிக் கணக்கைக் கட்டாயமாக்கிவிட்டது.

ஆனால் இந்த 0.83-ம் தனியாக நின்றால் ஊமைதான். போன மாதம் 0.78 இருந்து இப்போது 0.83 என்றால் சைட்டில் யாரோ ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். 0.90-இலிருந்து இறங்கி 0.83 என்றால் உடனே போய்ப் பாருங்கள்.

நானே கண்கூடாகப் பார்த்தது ஒன்று. ஊரும் கம்பெனியும் வேண்டாம். ஒரு ஆற்றுப் பால வேலை, மாதா மாதம் முன்னேற்ற அறிக்கை போகும், அதில் 0.9-க்கு மேலே இருந்தால் பச்சை, கீழே போனால் மஞ்சள், 0.8-க்குக் கீழே சிவப்பு. எஸ்.பி.ஐ. முதல் மாதம் 1.01, அப்புறம் 0.98, 0.96, 0.93, 0.91. ஐந்து மாதமும் பச்சை. நான் நாலாவது மாதமே பென்சிலால் கோடு இழுத்துக் காட்டினேன். "பச்சையிலதானே இருக்கு, விடுப்பா" என்றார் மேலதிகாரி. ஆறாவது மாதம் 0.88. கட்டம் மஞ்சளானதும் தலைமை அலுவலகத்திலிருந்து நாலு பேர் கார் போட்டு வந்தார்கள், ஒரே சத்தம். விசாரித்தால், பைல் போடும் இயந்திரம் இரண்டில் ஒன்றை இரண்டாம் மாதமே வேறு சைட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கே கேட்டிருந்தால் ஒரு போன் காலில் முடிந்திருக்கும்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அட்டவணையைத் திருத்தினார்கள். முடிக்கும் தேதி எட்டு மாதம் தள்ளிப் போனது, புது பேஸ்லைன் (ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை அட்டவணை) வந்தது, அடுத்த அறிக்கையில் எஸ்.பி.ஐ. 1.00. பழைய ஆறு எண்களும் தாளிலிருந்தே போய்விட்டன. மீட்டிங்கில் டீயும் மிக்சரும் வந்தன. திருத்தப்பட்ட அட்டவணைப்படி பணிகள் சரியாக நடக்கின்றன என்று யாராவது அறிக்கை விட்டால், எத்தனாவது திருத்தம் என்று உங்கள் நிருபர் தயவுசெய்து கேட்க வேண்டும்.

எஸ்.பி.ஐ.க்கு இன்னொரு கோளாறும் உண்டு. வேலை எவ்வளவு தாமதமானாலும் முடிகிற நாளில் அது 1 ஆகிவிடும், ஏனென்றால் 100 கோடிக்குத் திட்டமிட்டதில் 100 கோடிக்கும் வேலை முடிந்துவிட்டதே! பாம்பன் புதிய பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டி 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள், நடுவில் கொரோனா வேறு. ஆறு வருஷம் ஆனாலும் கடைசி நாள் எஸ்.பி.ஐ. 1-தான் காட்டும். இதைச் சரிக்கட்ட வால்ட் லிப்கே என்ற அமெரிக்கர் 2003-இல் பணத்துக்குப் பதிலாக மாதக் கணக்கிலேயே அளக்கும் ஒரு முறையைச் சொன்னார். நம் சைட்களில் அதை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

சரி, சின்னச் சின்ன இறக்கத்துக்கெல்லாம் கூச்சல் போட வேண்டும் என்றும் சொல்லவில்லை. நவம்பரில் சென்னையில் பள்ளம் தோண்டுகிற வேலை படுக்கத்தான் செய்யும், அது போக்கு இல்லை, மழை. அதைப் போன நவம்பரோடுதான் ஒப்பிட வேண்டும், போன செப்டம்பரோடு இல்லை. தற்செயலான ஆட்டம் எது, உண்மையான சரிவு எது என்று பிரித்துப் பார்க்க ஷூஹார்ட் என்ற அமெரிக்கர் 1924-இலேயே ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த வரைபடம் பார்க்கிறவர்கள் தொடர்ந்து ஏழு புள்ளி ஒரே பக்கம் போனால் விசாரி என்பார்கள். மாத அறிக்கைக்கு ஏழு என்பது ரொம்ப அதிகம், அதற்குள் ஒப்பந்தக்காரர் பாதிப் பணத்தை வாங்கியிருப்பார். மழை இல்லாத காலத்தில் மூன்று மாதம் தொடர்ந்து இறங்கினாலே நான் கேட்பேன்.

அமெரிக்கக் கடற்படையின் ஏ-12 போர் விமானக் கதையும் இதேதான். மாதா மாதம் போன செலவு அறிக்கைகளிலேயே சரிவு அப்பட்டமாகத் தெரிந்தது, ஆனால் மேலே நல்லபடியான கணக்குத்தான் போனது. 1991 ஜனவரியில் பாதுகாப்புத் துறைச் செயலர் டிக் செனி திட்டத்தையே ரத்து செய்தார், ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. அங்கே பழைய ராணுவ ஒப்பந்தங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட ஒரு விஷயம் உண்டு: வேலை 20 சதவீதம் தாண்டிய பிறகு சி.பி.ஐ. 10 சதவீதத்துக்கு மேல் மாறுவது அபூர்வம். ஆரம்பத்தில் விட்டதைக் கடைசியில் பிடித்துவிடலாம் என்று ரிவ்யூ மீட்டிங்கில் சொல்வார்கள் பாருங்கள், நான் வேலை பார்த்த இடங்களில் அப்படிப் பிடித்தவர் ஒரே ஒருவர், அவரும் ராத்திரி ஷிப்டுக்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டுதான் பிடித்தார்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. 'இத்தனை சதவீதம் முடிந்தது' என்று போடும்போது அடைப்புக்குறிக்குள் முந்தைய நாலு எண்களையும் போடுங்கள். உங்கள் அலுவலகத்துப் பழைய இதழ்களிலேயே இருக்கின்றன, யாரிடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டியதில்லை. 150 கோடிக்கு மேற்பட்ட மத்தியத் திட்டங்களுக்கு மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் மாதா மாதம் அறிக்கை விடுகிறது, முதலில் சொன்ன தேதி எது, இப்போது சொல்லும் தேதி எது, முதல் மதிப்பீடு எவ்வளவு, இப்போதைய மதிப்பீடு எவ்வளவு என்று. தமிழ்நாட்டுத் திட்டங்களில் ஐந்தை மட்டும் எடுத்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை சின்ன அட்டவணையாகப் போடலாம். 118.9 கிலோமீட்டர் மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தனி வரி வேண்டும், மூன்றையும் கூட்டிச் சராசரி போட்டால் ஓடுகிற தடம் ஓடாத தடத்தை மறைத்துவிடும்.

டைரி வேண்டுமானால் நிருபரை அனுப்புங்கள், பழைய எண்கள் இன்னும் ஏழெட்டு வேலைகளுக்கு இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை மட்டும் பேத்தியைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போக வேண்டும், மற்ற நாளெல்லாம் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளானிங் இன்ஜினியர் ஒருவர்,
குரோம்பேட்டை