இன்ஜினை அணைத்த அண்ணனுக்கு

அன்று ராத்திரி அஞ்செட்டியிலிருந்து ஓசூர் வரை எங்களுக்காக ஓடிய எல்லோருக்கும் வணக்கம். நானும் இரண்டு பிள்ளைகளும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.

நடந்தது உங்களுக்கே தெரியும். பெரியவள் இரவு 11.40க்குப் பிறந்தாள். சின்னவன் ஓசூரில், விடியற்காலை 1.50க்கு. ஒரே வயிற்றில் கிடந்தவர்களுக்கு இப்போது இரண்டு பிறந்தநாள்.

சின்னவன் குறுக்கே கிடந்தான். வயிற்றை அமுக்கிவிடலாம் என்று பதறிய மாமியாரின் கையை சிஸ்டர் பிடித்துக்கொண்டார். பிள்ளை பிறந்ததும் வழக்கமாகப் போடும் ஊசியையும் போடவில்லை. "உள்ளே இன்னொரு பிள்ளை இருக்கும்மா. இப்ப போட்டா கர்ப்பப்பை இறுகி அதுக்கு ஆபத்து" என்றார். பெரியவளை மாமியார் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துப் போர்த்திவிட்டு, 108இல் தானும் ஏறிக்கொண்டார்.

வண்டி ஓட்டிய அண்ணா, உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. ஓடுகிற வண்டியின் சத்தத்தில் சிஸ்டருக்குப் பிள்ளையின் துடிப்பு கேட்கவில்லை. ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார். யானை நடமாடும் காடு அது. நீங்கள் மறுபேச்சு இல்லாமல் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தீர்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, காட்டைப் பார்த்தபடி நின்றீர்கள். பூச்சிச் சத்தம் மட்டும்தான். சிஸ்டர் குழலில் காதை வைத்தபடியே, அவன் துடிப்பை என் உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டினார். அவ்வளவு வேகம்! 138 என்றார். அதுவரை அவன் போய்விட்டான் என்றே நினைத்திருந்தேன். அப்புறம் சிஸ்டர் கேட்கவே இல்லை. கால் மணிக்கு ஒருமுறை நீங்களே நிறுத்தினீர்கள்.

ஓசூர் அரசு மருத்துவமனையில் தயாராக நின்ற டாக்டரம்மாவுக்கும் மயக்க டாக்டருக்கும், ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், சின்னவனைப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்ட சிஸ்டர்களுக்கும், எங்கள் ஆடுகளை மேய்த்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கோடி நன்றி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்ததுமே, தேதிக்கு முன்னாலேயே ஓசூர் பக்கம் வந்து தங்கச் சொன்னார்கள். கேழ்வரகு அறுப்பு முடியட்டும் என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டோம். இனி எங்கள் பக்கம் யாரையும் அப்படித் தள்ளிப்போட விடமாட்டேன். மேல்தெருவில் ஒரு பெண்ணுக்கு இரட்டை. நேற்று சின்னவனைத் தூக்கிக்கொண்டே அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். இரண்டு வாரம் முன்பே கிளம்பச் சம்மதித்துவிட்டாள்.