கார்ட்ரிட்ஜின் கூட்டைவிட ஊசி முனையே முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இசைத்தட்டுகளை மீண்டும் கேட்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு வழிகாட்டும் நோக்கில் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். டெனான் நிறுவனத்தின் டி.எல்.-103 கார்ட்ரிட்ஜை (தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்னலையாக மாற்றும் சிறு கருவி) அடிப்படையாகக் கொண்டு, பலரும் பலவிதமாக மாற்றியமைத்து விற்பவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு அக்கட்டுரை விடை தேடியிருந்தது. இத்தகைய பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இடம் ஒதுக்கியதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கருங்காலிக் கூடு, அலுமினியக் கூடு, பிசின் நிரப்பிய கூடு என்று வெளிக்கூட்டின் பொருளை வைத்தே தரவரிசை அமைத்திருப்பது, வாசகர்கள் பணத்தைத் தவறான இடத்தில் செலவிட வழிவகுக்கும் என்று கருதுகிறேன். ஒலிபரப்புத் தொழில்நுட்பப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

டி.எல்.-103 கார்ட்ரிட்ஜ் 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் தேவைக்காக உருவாக்கப்பட்டது. நாள் முழுவதும் ஓடும் நிலையத்தில், எந்தப் பணியாளர் கையாண்டாலும், எந்தத் தட்டை வைத்தாலும் ஒரே தரத்தில் ஒலிக்க வேண்டும் என்பதே அதன் வடிவமைப்புக்கு அடிப்படை. ஆகவே அதன் வைர முனை எளிய கூம்பு வடிவில் அமைந்து, நுனியில் 16.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆரமுள்ள உருண்டையாக முடிகிறது. ஊசியைத் தாங்கும் கேன்டிலீவர் அலுமினியத்தால் ஆனது. தட்டின் மேல் 2.5 கிராம் அழுத்தம் தேவை. கார்ட்ரிட்ஜின் எடை 8.5 கிராம். அறுபது ஆண்டுகளைக் கடந்தும் இன்றுவரை உற்பத்தியில் இருப்பதும், அதன் காந்தமும் கம்பிச் சுருளும் விலைக்கு மீறிய தரத்தில் அமைந்திருப்பதும், பிளாஸ்டிக் கூட்டை எளிதில் கழற்ற முடிவதும் சேர்ந்தே அதை மாற்றியமைப்பவர்களின் விருப்பப் பொருளாக்கின. இவ்வளவு நல்ல கார்ட்ரிட்ஜில் உண்மையான வரம்பு எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அந்த வரம்பு கூம்பு முனையில் இருக்கிறது.

காரணத்தைக் கணக்கிட்டே காட்டலாம். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் எல்.பி. தட்டின் வெளி விளிம்பில் ஊசியின் கீழ் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் நீளப் பள்ளம் கடந்து போகிறது. கடைசிப் பாடல் முடியும் உட்பகுதியில் அதே ஒரு நொடியில் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் மட்டுமே கடக்கிறது. 15 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளி விளிம்பில் 34 மைக்ரான் நீளத்தில் விரிந்திருக்கும்; உட்பகுதியிலோ 14 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். 16.5 மைக்ரான் ஆரமுள்ள உருண்டையால் 14 மைக்ரான் அலையின் வளைவுக்குள் இறங்க முடியாது. மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவித்தான் செல்லும். தட்டின் கடைசிப் பாடலில் பாடகரின் சகர ஒலி சீறுவதும், வயலினின் மேல் ஸ்தாயி கரகரப்பதும், ஜால்ராவின் ஒலி மணல் உரசுவது போலக் கேட்பதும் பெரும்பாலும் இதனால்தான். கருங்காலியோ அலுமினியமோ இந்த வடிவியலை மாற்றாது. முனையின் வடிவம் மாறினால் மட்டுமே இது மாறும். சாதாரண நீள்வட்ட முனையின் சிறிய ஆரம் ஏறத்தாழ 7.6 மைக்ரான். மைக்ரோலீனியர் போன்ற நுண்கோட்டு முனைகளில் அது 3 மைக்ரான் அளவுக்கு இறங்குகிறது. ஷிபாட்டா என்னும் மற்றொரு நுண்முனை வகையும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான். 1970களில் ஜே.வி.சி. நிறுவனத்தின் நாற்சேனல் தட்டுகளில் கூடுதல் சேனல்களைச் சுமக்கும் 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலை பதிக்கப்பட்டிருந்ததால், அதைப் படிக்கப் புது முனை ஒன்று வேண்டியிருந்தது.

நம் வீடுகளில் எஞ்சியிருக்கும் தட்டுகளை நினைத்தால் முனையின் முக்கியத்துவம் இன்னும் கூடுகிறது. கொலம்பியா, ஹெச்.எம்.வி. முத்திரைகளோடு வந்த நம் திரையிசைத் தட்டுகளும் கர்நாடக இசைத் தட்டுகளும் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் பொருத்திய வீட்டுப் பிளேயர்களில், இன்றைய அளவைவிட இருமடங்குக்கும் மேலான அழுத்தத்தில், மாற்றப்படாத தேய்ந்த ஊசியால் பல நூறு முறை ஓடியவை. அப்படி உழைத்த தட்டில் தேய்மானம் பள்ளச் சுவரின் எல்லா உயரத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கூம்பு முனை எந்த உயரத்தில் சுவரைத் தொட்டதோ அங்கேதான் அதிகம் தேய்ந்திருக்கும். அதே இடத்தில் மற்றொரு கூம்பு முனையை வைத்தால் தேய்மானத்தையே கேட்கிறோம். நுண்கோட்டு முனை சுவரின் உயரவாக்கில் நீண்டு படிவதால், தேயாமல் எஞ்சிய பகுதியிலிருந்தும் ஒலியை எடுக்கிறது. எல்லாத் தட்டுகளும் இதனால் உயிர் பெற்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆழமாகக் கீறப்பட்ட தட்டிலும், அடியில் அழுக்கு உறைந்த தட்டிலும் இத்தகைய முனை சத்தத்தைக் கூட்டவும் செய்யும். ஈரமுறையில் நன்றாகச் சுத்தம் செய்த பிறகே அதன் பயன் தெரியும். ஆயினும் ஒரே விலையில் புதுக் கூடு அல்லது புது முனை என்ற நிலை வந்தால், ஐயமின்றி முனைக்கே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

முனையை மாற்றும்போது கேன்டிலீவரையும் போரான் அல்லது நீலக்கல் தண்டாக மாற்றித் தருபவர்கள் உள்ளனர். போரான், அலுமினியத்தைவிட மிக விறைப்பானது. அதனால் ஊசியின் அசைவு வழியில் வளைந்து இழக்கப்படாமல் சுருளைச் சென்றடைகிறது. ஆனால் டி.எல்.-103 உள்ளே இருக்கும் ரப்பர்த் தாங்கியை அப்படியே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் மாற்றினால், கார்ட்ரிட்ஜின் இறுக்கமும் அதற்கு வேண்டிய 2.5 கிராம் அழுத்தமும் முன்போலவே இருக்கும். பழைய கார்ட்ரிட்ஜைக் கொடுத்து முனை மாற்றுபவர்கள், ரப்பர் தாங்கியும் மாற்றப்படுகிறதா என்று கேட்டறிவது நல்லது. பல ஆண்டுகள் கடந்த ரப்பர் இறுகிப் போயிருந்தால் விலையுயர்ந்த வைரத்தால் பயனில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கூம்பு முனை எந்தக் கோணத்தில் நின்றாலும் பள்ளத்தில் உருண்டையாகவே தொடும், டி.எல்.-103 எவர் கையிலும் ஒழுங்காக ஒலித்ததன் இரகசியம் அதுவே. நுண்கோட்டு முனை அத்தகைய சலுகையைத் தராது. தட்டை வெட்டிய ஊசி நின்ற நிலைக்கு நெருக்கமாக அது நிற்க வேண்டும். முன்னோ பின்னோ, இடமோ வலமோ சற்றுச் சாய்ந்தால் கிடைத்த நன்மை குறைவதோடு பள்ளத்துக்கும் கேடு வரலாம். டோன் ஆர்மின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையின்) உயரத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லாத டர்ன்டேபிள் வைத்திருப்பவர், மாற்றாத டி.எல்.-103 கார்ட்ரிட்ஜையே பொருத்திக்கொண்டு நிம்மதியாகக் கேட்கலாம். இந்த எச்சரிக்கை தங்கள் கட்டுரையில் இடம்பெறாதது எனக்குப் பெரும் குறையாகவே பட்டது.

அடுத்து டோன் ஆர்மின் எடை. கூட்டின் பொருளுக்குச் சூட்டப்படும் புகழில் கணிசமான பகுதி உண்மையில் எடைக்கு உரியது என்பது என் துணிபு. ஆர்மின் பயனுறு நிறையும் (ஊசி அசையும்போது உணரும் ஆர்மின் நிறை) கார்ட்ரிட்ஜின் நெகிழ்வும் (ஊசி எவ்வளவு எளிதாக அசைந்து கொடுக்கிறது என்பதன் அளவு) சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உருவாக்குகின்றன. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைவது நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டின் மேடுபள்ளங்கள் ஆர்மை ஆட்டும். மேலே போனால் காதுக்கு எட்டும் தாழ்ந்த ஒலிகளை நெருங்கும். டி.எல்.-103 நெகிழ்வு குறைந்தது; 100 ஹெர்ட்ஸில், வழக்கமான அலகில், அதன் அளவு 5. கணக்கிடுவதற்கு வேண்டிய 10 ஹெர்ட்ஸில் அது ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாக, ஏறத்தாழ 8 என்று கொள்ளலாம். பரவலாகக் கிடைக்கும் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 வரிசையின் ஆர்ம் 12 கிராம் பயனுறு நிறை கொண்டது. கார்ட்ரிட்ஜ் 8.5 கிராம், திருகுகள் ஒரு கிராம் என்று கூட்டிப் பார்த்தால் ஒத்ததிர்வு 12 ஹெர்ட்ஸ் எல்லையிலேயே நிற்கிறது. அதே ஆர்மில் பத்துக் கிராம் கூடுதல் நிறை சேர்ந்தால் அது 10 ஹெர்ட்ஸுக்கு வந்து, தாழ்ந்த ஒலிகள் திடம் பெறுகின்றன. கனமான அலுமினியக் கூட்டைப் பொருத்தியவர்கள் மிருதங்கத்தின் தொப்பி நன்றாகக் கேட்கிறது என்று சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே பலனைக் கனமான ஹெட்ஷெல் (ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் பகுதி) ஒன்றால், கார்ட்ரிட்ஜைத் தொடாமலேயே, மிகக் குறைந்த செலவில் பெறலாம். பிடிக்காவிட்டால் கழற்றியும் விடலாம். பின்புற எதிர்எடை அந்தக் கூடுதல் நிறையைச் சமன் செய்யுமா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டை மாற்றுவதில் பயனே இல்லை என்பது என் கருத்தன்று. டி.எல்.-103 கார்ட்ரிட்ஜின் பிளாஸ்டிக் கூடு தானும் அதிர்கிறது என்பது உண்மை. உலோகக் கூட்டில் திருகு மரை நேரடியாக வெட்டப்பட்டிருப்பதால் ஹெட்ஷெல்லோடு இறுகப் பிடிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் கூட்டைக் கழற்றும்போது முடியைவிட மெல்லிய சுருள் கம்பிகள் வெளிப்படுகின்றன. ஒன்று அறுந்தால் கார்ட்ரிட்ஜ் வீணாகும். பிசின் ஊற்றி ஒட்டிய கூட்டை மீண்டும் பிரிப்பதும் அரிது; பின்னாளில் முனை தேய்ந்து மாற்ற வேண்டி வரும்போது அதுவே இடையூறாகலாம். உற்பத்தியாளரின் உத்தரவாதமும் அத்தோடு முடிந்துவிடும். ஏற்கெனவே மாற்றியமைத்து, பிறர் பயன்படுத்திய கார்ட்ரிட்ஜை விலைக்கு வாங்குபவர்கள், எவர் மாற்றியது, எந்த வகை முனை, முனை தண்டில் நேரடியாகப் பதிக்கப்பட்டதா, நுண்ணோக்கிப் படம் உண்டா என்பவற்றைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. "குறைவாகவே ஓடியது" என்ற விற்பவரின் வாய்மொழியை நம்பி வாங்குவது, தட்டுகளையும் சேர்த்துப் பணயம் வைப்பதாகும்.

மின்னிணைப்பைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. சுருள் அசையும் மூவிங் காயில் வகையைச் சேர்ந்த டி.எல்.-103 தரும் மின்னழுத்தம் 0.3 மில்லிவோல்ட் மட்டுமே. காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகைக்கான, பெருக்கியின் சாதாரண ஃபோனோ (இசைத்தட்டு) உள்ளீட்டில் இது போதாது. அதை உயர்த்தித் தரும் மின்மாற்றி வாங்குவோர், இந்தக் கார்ட்ரிட்ஜின் உள்மறிப்பு (மின்னோட்டத்துக்கு அதனுள் இருக்கும் தடை) 40 ஓம் என்பதை மனத்தில் கொண்டு, பத்து மடங்கு உயர்த்தும் மின்மாற்றியைத் தேர்ந்தால், 47 கிலோஓம் உள்ளீடு 470 ஓமாகத் தெரிந்து கார்ட்ரிட்ஜ் இயல்பாக இயங்கும். இருபது மடங்குக்குப் போனால் அது 118 ஓமுக்குச் சரிந்து, எதிர்பார்த்த ஒலியளவில் நான்கில் ஒரு பங்கு சுமையிலேயே போய்விடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ் வீடுகளில் கிடைப்பவை ஒரே வகைத் தட்டுகள் அல்ல. அரக்குத் தட்டுகளான 78 சுழல் தட்டுகளின் பள்ளம் மிக அகலமானது. அவற்றுக்கு 3 மில், அதாவது ஏறத்தாழ 76 மைக்ரான் ஆரமுள்ள ஊசி வேண்டும். டி.எல்.-103 கார்ட்ரிட்ஜை எப்படி மாற்றியமைத்தாலும் எல்.பி. முனையால் அவற்றை இயக்கலாகாது. எழுபதுகளின் முற்பகுதி வரை வந்த தமிழ்த் திரையிசைத் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. அவற்றை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் கேட்கும்போது பெருக்கியின் மோனோ பொத்தானை அழுத்தினால், மேல்கீழ் அசைவில் எழும் கரகரப்பு ஒன்றையொன்று அழித்துக் குறைகிறது. 78, மோனோ, ஸ்டீரியோ என மூன்று வகைத் தட்டுகளையும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, மாற்றியமைத்த டி.எல்.-103 எதையும் நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன். ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் கார்ட்ரிட்ஜின் உடல் ஒன்றே. ஊசிப் பகுதியை மட்டும் கையால் கழற்றி மாற்றலாம். கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலீனியர், ஷிபாட்டா ஆகியவற்றோடு 78 தட்டுக்கான 3 மில் ஊசியும் அதற்குக் கிடைக்கிறது. 78 தட்டுகளுக்கு டர்ன்டேபிளில் அந்த வேகமும் இருக்க வேண்டும்; ஊசியின் அழுத்தத்தையும் அதற்கேற்ப 5 கிராமுக்கு உயர்த்த வேண்டும். மற்றபடி தனி மின்மாற்றியோ, முனை மாற்றுவதற்காக வெளிநாட்டுக்குப் பொட்டலம் கட்டி அனுப்பும் கவலையோ இதில் இல்லை.

கனமான ஆர்மும், உயரம் மாற்றும் வசதியும், தரமான முன்பெருக்கியும் ஏற்கெனவே வைத்திருந்து, பெரும்பாலும் எல்.பி. கேட்பவர் என்றால், பிளாஸ்டிக் கூட்டோடு கூடிய டி.எல்.-103 கார்ட்ரிட்ஜில் போரான் தண்டும் நுண்கோட்டு முனையும் பொருத்தியதையே முதலில் வாங்கலாம் என்பேன். கூட்டைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். தங்கள் இணைப்பில் இதன் தொடர்ச்சி வெளியாகுமானால், ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் முனையின் வகை, மொத்த எடை, நெகிழ்வு, உள்மறிப்பு ஆகிய நான்கையும் விலையோடு சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.