களுவாஞ்சிகுடியிலிருந்து இரண்டு முறை சும்மா அலைக்கழிக்கப்பட்டது பற்றிய முறைப்பாடு

16.07.2025

முகாமையாளர் அவர்கட்கு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

கடந்த 02.06.2025 அன்று உங்கள் மட்டக்களப்புக் கிளையில் 24,500 ரூபாய் காசாகக் கொடுத்து என் அம்மாவுக்குக் காற்று மெத்தையும் மோட்டரும் வாங்கினேன். ஒரு வருட வொறன்டி என்று கார்டில் சீல் குத்தித் தந்தீர்கள். பதினோராம் நாளே பழுது. இன்றோடு 33 நாள் ஆகிறது. இனிப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 81 வயது. மார்ச் மாதம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தாதி ஒருவர், "ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பிரட்டுங்க, ஒரு காற்று மெத்தையும் எடுங்க, படுக்கைப் புண் வந்தா ஆறாது" என்று சொல்லி விட்டார். கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில்தான் வாங்கினோம்.

அந்த மெத்தை எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு வரிசை ஊத, மற்ற வரிசை இறங்க வேண்டும். இப்போது மோட்டர் உறுமுகிறது, பச்சை லைட் எரிகிறது, மாறுவது மட்டும் இல்லை. ஒரு வரிசை ஊதினபடி நிற்க, மற்றது சப்பையாகக் கிடக்கிறது. இதை உங்கள் வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து ஒன்பது தரம் சொன்னேன். தமிழுக்கு 2 ஐ அமத்தச் சொல்வார்கள், அமத்தினால் சிங்களத்தில்தான் கதைப்பார்கள். விளங்கினவர்களும் பிளக்கைக் கழற்றிப் போடுங்க என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

ஒருவர் மட்டும் தமிழில் சரளமாகக் கதைத்தார். அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அக்கா, 81 வயசுதானே. சாதாரண மெத்தையில படுக்க வச்சாலும் ஒண்டுதான்." இது 30.06.2025 பின்னேரம் நாலு மணிக்குக் கிட்ட. உங்களிடம் பதிவு இருக்கும், போட்டுக் கேளுங்கள். அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தா, போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவவுக்குப் பேச்சுத்தான் குழறுமே தவிர காது நல்லாக் கேட்கும். அன்று இராச் சோறு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டா.

கிளைக்கு நான் வந்த கதையையும் கேளுங்கள். 26.06.2025 அன்று மோட்டரை மட்டும் கொண்டுவரச் சொன்னீர்கள், கொண்டு வந்தேன். கவுண்டரில், மெத்தையும் இல்லாமல் பார்க்க ஏலாது என்றார்கள். சரி என்று திரும்பினேன். பிறகு போனில், 10 ஆம் திகதி வியாழன் வாங்க, டெக்னீசியன் கட்டாயம் நிற்பார் என்றார்கள். பக்கத்து வீட்டு மாமியைக் கெஞ்சி அம்மாவோடு இருத்திவிட்டு, விடியவே அம்மாவை வெறும் பஞ்சு மெத்தைக்கு மாற்றி, காற்று மெத்தையைச் சுருட்டிக் கட்டி, மோட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் கிரான்குளம், ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பாலம் எல்லாம் தாண்டி வந்து இறங்கினால் உங்கள் கதவு பூட்டு. அன்று எசல போயா, பௌர்ணமி விடுமுறை. நாளைக் குறித்துச் சொன்னது நீங்கள். அடுத்த நாள் எடுத்துக் கேட்டதற்கு, கலண்டரைப் பார்த்து வந்திருக்க வேண்டும் என்று எனக்கே சொன்னார்கள். இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்புகிறவளுக்குக் கிழமை எங்கே நினைவிருக்கும்?

அன்று வீட்டுக்கு வந்து சேர மதியம் ஒரு மணி. கச்சான் காற்று அனலாய் அடிக்கிற நேரம். அம்மா முதுகெல்லாம் வேர்த்து, சட்டை ஒட்டிக் கிடந்தா. பிரட்டிப் பார்த்தால் முள்ளந்தண்டு முடிகிற இடத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு சிவப்பு. விரலால் அமத்தினேன், வெளிறவில்லை. அது எதன் தொடக்கம் என்று இந்தப் பொருளை விற்கிற உங்களுக்குத் தெரியும்.

தாதி காட்டித் தந்தபடி இராவில் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து மெத்தைக்குக் கீழே விட்டுப் பார்ப்பேன். முந்திக் கையில் காற்றுத்தான் தட்டுப்படும். இப்போது அம்மாவின் எலும்பு என் கையில் தட்டுப்படுகிறது.

எனக்கும் 56 வயதாகிறது, பிரஷர் இருக்கிறது. இந்த அலைச்சலில் என் கிளினிக் இரண்டு தரம் தவறிவிட்டது. தையல் மெஷின் மூடியபடி கிடக்கிறது. போன கிழமை அடுப்படியில் இருந்தபடியே நித்திரையாகிச் சோறு கரிந்து, வீடே எரியப் பார்த்தது. இராவில் அம்மா, "ஒருக்காப் பிரட்டி விடு புள்ள" என்று கூப்பிட, எனக்கு வாயில் கோபம் வந்தது. பெத்த தாயோடு கோபப்பட வைத்துவிட்டீர்கள். இந்த ஒரு மாதத்தில் என் ஆயுளில் பத்து வருசம் போய்விட்டது. உங்கள் போனில் கதைத்த அந்தத் தம்பி சொன்ன "ஒண்டுதான்" என்ற சொல் இன்னும் காதுக்குள் நிற்கிறது.

பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்று 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் பார்ப்போம். எங்களை நம்பி யாவாரம் செய்கிற நீங்கள் உங்கள் பங்கைச் செய்ய வேண்டாமா?

தயவு செய்து 25.07.2025 க்கு முன்னர் புது மெத்தையும் மோட்டரும் வீட்டுக்கே கொண்டுவந்து பூட்டித் தாருங்கள். பழையதை அப்போதே எடுத்துப் போகலாம், அதுவரை அம்மாவுக்குக் கீழே இருந்து நான் உருவமாட்டேன். இரண்டு நாள் ஓட்டோக் கூலி 11,000 ரூபாயும் வேண்டும். தவறினால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுப்பேன். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும், அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கமும் தெரியும். நட்டஈடாக இரண்டு இலட்சம் கேட்டு வழக்கும் போடுவேன். உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை, அதற்கு நேரமும் இல்லை.

பில், வொறன்டி கார்ட், சிவப்பின் படம் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். என் தொலைபேசி இலக்கம் பில்லில் உண்டு. அந்தத் தம்பி அதற்கு எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் வேண்டாம், அம்மாவிடம். ஸ்பீக்கரில் போட்டு வைப்பேன்.

இப்படிக்கு,
பில்லில் பெயருள்ள வாடிக்கையாளர்,
களுவாஞ்சிகுடி.