கூண்டுச் சண்டையும் அரைப் பேரும்

ஹட்டன்

அன்பின் செல்வராசு,

நலம், நலமறிய ஆவல். தம்பி மகன் கொழும்பில் எம்.எம்.ஏ சண்டைக்கு, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டைக்கு, பெயர் கொடுக்கப் போகிறான் என்று எழுதியிருந்தாய். இது விளையாட்டா, சண்டித்தனமா என்று கேட்டிருக்கிறாய். எல்லாம் யார் நடத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது.

அமெரிக்காவின் பெரிய எம்.எம்.ஏ தொடரான யூ.எப்.சி 1993இல் டென்வரில் முதன்முதலில் நடந்தபோது எடைப் பிரிவே கிடையாது. நியூயோர்க் மாநிலம் இந்தச் சண்டைக்கு 1997இல் தடை போட்டு, 2016இல்தான் எடுத்தது. இடையில் நியூஜெர்சி மாநில அரசின் விளையாட்டு ஆணைக்குழு முன்னின்று வகுத்த பொது விதிகள் வந்தன: ஐந்து நிமிடச் சுற்று மூன்று, பட்டத்துக்கு ஐந்து, பிடரியில் அடிப்பதும் விழுந்தவன் தலையில் உதைப்பதும் குற்றம். விதியை யாரும் அச்சடிக்கலாம். அங்கே நடுவரையும் வைத்தியரையும் நியமிப்பது அரசின் ஆணைக்குழு, டிக்கெட் விற்பவர் அல்ல. அதனால்தான் அதை விளையாட்டு என்கிறேன். பையனை அழைத்தவர்களிடம் முதலில் இதைக் கேள்: வைத்தியர் நிறுத்து என்றால் சண்டை நிற்குமா?

கையுறையை நம்பாதே. நாலு அவுன்ஸ் உறை கை எலும்பைத்தான் காக்கும், மூளையை அல்ல. கழுத்துப் பிடியில் இரண்டு பக்க இரத்தக் குழாயும் அடைபட்டால் பத்து வினாடிக்குள் நினைவு போய்விடும். ஆனால் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டினால் அந்தக் கணமே விட்டுவிடுவார்கள். குத்து வாங்கிக் கால் மடிந்தவனுக்கு அந்த வசதி இல்லை. நடுவர் பாய்ந்து வருவதற்குள் இன்னும் இரண்டு மூன்று குத்து இறங்கிவிடும். அந்தக் குத்துகளைத்தான் பயப்பட வேண்டும்.

அதைவிடப் பெரிய பயம் எனக்குத் தராசில். யாங் ஜியான் பிங் என்ற சீன இளைஞர் 2015 டிசம்பரில் மணிலாவில் எடைப் பிரிவுக்குள் வர எடை குறைக்கப் போய், கூண்டுக்குள் கால் வைக்காமலே இறந்தார். அதன் பிறகுதான் அந்தப் போட்டியை நடத்திய ஒன் சம்பியன்ஷிப் சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கத் தொடங்கியது. உடம்பில் தண்ணீர் வற்றினால் அது கூடும், 1.025ஐத் தாண்டினால் எடை சரியாக இருந்தாலும் செல்லாது என்றார்கள். பையன்கள் உப்பை நிறுத்தி, கடைசி நாள் தண்ணீரையும் நிறுத்தி, பொலித்தீனைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள். இரத்தம் தடிக்கும், இதயத் துடிப்பு தடுமாறும், சிறுநீரகம் நிற்கும். நம் குளிரில் தாகம் தெரியாது என்பதால் எவ்வளவு வற்றிவிட்டது என்று அவனுக்கே புரியாது. எடை பார்த்த பிறகு, அடுத்த நாள் தண்ணீர் குடித்து எடை ஏறினாலும் உடம்பு முழுதாகத் தேறியிருக்காது. அந்த நிலையில்தான் தலையில் குத்து விழும்.

கணக்குச் சொல்கிறேன். அவன் 74 கிலோ என்று வை. எட்டு வாரத்தில் வாரம் அரைக் கிலோ சாப்பாட்டில் குறைத்தால் 70. 155 இறாத்தல் பிரிவின் எல்லை 70.3 கிலோ, அதுவே போதும். 145 இறாத்தலுக்கு, அதாவது 65.8க்கு, ஒப்புக்கொண்டால் மீதி நாலு கிலோவையும் தண்ணீராகப் பிழிய வேண்டும். அதற்கு விடாதே.

சம்பளம் கேட்டாய். யூ.எப்.சியில் புதியவருக்கு வெகுகாலம் 12,000 டொலர் சண்டைக்கு வந்ததற்கு, வென்றால் இன்னொரு 12,000. சொன்ன கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுகிற நம் தேயிலைத் தோட்டத்துக் கணக்குத்தான். பாதிச் சம்பளம் வெற்றியில் தொங்குவதால், விலா எலும்பில் விரிசல் கண்டவனும் சொல்லாமல் ஏறுவான், தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாமல் பல்லைக் கடிப்பான். சம்பளமும் பாதுகாப்பும் ஒன்றுதான் என்று நான் சொல்வது இதனால். வந்ததிலும் முகாமையாளருக்கும் பயிற்றுநருக்கும் பங்கு போகும், வரியும் போகும். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களுக்கு அவர்களின் தொடரான என்பிஏயின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி கிடைக்கிறது. யூ.எப்.சி வீரர்கள் தங்களுக்கு ஐந்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை என்று 2014இல் வழக்குப் போட்டார்கள். 2024இல் 37.5 கோடி டொலருக்கு இணக்கமானது. குத்துச்சண்டைக்காரர்களுக்கு வருமானத்தை வெளிக்காட்டச் சொல்லும் அமெரிக்காவின் முகமது அலி சட்டம் 2000இலேயே வந்தும், எம்.எம்.ஏ வீரர்களுக்குப் பொருந்தாது. உழைத்தவனுக்குக் கணக்குக் காட்டாதது எனக்குப் பொறுக்கவில்லை.

அவன் ஒப்பந்தத்தில் தோற்றாலும் கிடைக்கும் தொகை எவ்வளவு, காயத்துக்கும் ஸ்கேனுக்கும் யார் பணம் கட்டுவது, எத்தனை வருடம் வேறிடத்தில் ஆட முடியாது என்பவை எழுத்தில் இருக்கட்டும்.

சண்டை முடிந்த அன்றே பஸ் ஏற்றாதே. தலைவலி கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, ஒரு கண்மணி பெரிதானாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ மூளையில் இரத்தக் கசிவாக இருக்கலாம். மூளை அறுவைக்கு நம் பக்கத்தில் கண்டி ஆஸ்பத்திரிதான். மலைப்பாதையில் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. அன்றிரவு கொழும்பிலேயே ஒருவர் கூடவே இருக்கட்டும். அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். மயங்கி விழுந்தவன் 60 நாளுக்குப் பயிற்சியிலும் தலையில் அடி வாங்கக் கூடாது.

ஒப்பந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு. நாளை காலை வெறும் வயிற்றில் தராசில் நிறுத்தி, என்ன எடை என்றும் எழுது.

உன் அன்பின்,
கணேசன்