நவம்பர் 8: லெஸ்டர் போர் நினைவு வளைவு

தமிழ் வகுப்புப் பெற்றோர் எல்லோருக்கும் வணக்கம்.

வரும் நவம்பர் 8 (2026) நினைவேந்தல் ஞாயிறு, அதாவது போர்களில் உயிர்விட்டவர்களைப் பிரிட்டனில் நினைவுகூரும் நாள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகர விக்டோரியா பூங்கா நினைவு வளைவில் அஞ்சலி செலுத்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அன்று வகுப்பு இல்லை.

முதல் உலகப் போரில் உயிர்விட்ட லெஸ்டர் நகர, லெஸ்டர்ஷயர் வீரர்கள் 12,000 பேரின் நினைவாக எழுந்தது இது. டெல்லி இந்தியா கேட்டை வடிவமைத்த லட்யன்ஸ்தான் இதையும் வடிவமைத்தார். 1925 ஜூலை 4 அன்று திறந்துவைத்தவர்கள் அரச குடும்பத்தினர் அல்லர். போரில் மகன்களைப் பறிகொடுத்த இரண்டு உள்ளூர் விதவைத் தாய்மார். இந்த ஒன்றையாவது பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

1. காலை 10.00: யூனிவர்சிட்டி ரோடு பக்க வாசலில் கூடுவோம்.
2. 11.00: இரண்டு நிமிட மௌனம். போன் சத்தம் வரக்கூடாது. கைக்குழந்தையோடு வருபவர்கள் ஓரமாக நின்றால் நல்லது.
3. பாப்பிப் பூ (நினைவு நாளில் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பூ), தடித்த கோட், குடை அவசியம்.
4. கூட்டம் கலைந்தபின் வளைவுக்குள் போய் அண்ணாந்து பார்க்கலாம். கல்லில் செதுக்கி வண்ணம் தீட்டிய கொடிகள் (flags) உண்டு.
5. எத்தனை பேர் வருகிறீர்கள், காரில் இடம் இருக்கிறதா என்று நவம்பர் 5 வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.

நன்றி.