ஆழியையும் சோதித்துச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எண்ணூர் கழிமுகத்தில் காக்கா ஆழி என்னும் சிப்பியை அகற்றுவது பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். கப்பலில் பாரத்துக்காக நிரப்பும் தண்ணீரோடு வந்ததாகச் சொல்லப்படும் அந்தத் தென்னமெரிக்க ஆழி ஆற்றுத் தரையில் பாய் விரித்த மாதிரி படர்ந்து, இறாலுக்குச் சேற்றில் ஒதுங்க இடமில்லாமல் செய்துவிட்டது. அள்ளத்தான் வேண்டும். அள்ளியதை எங்கே கொட்டுவார்கள், வாத்துக்கும் கோழிக்கும் தீனியாகப் போய்விடுமா என்பதையும் யாராவது விசாரித்து எழுதினால் நல்லது. நான் எழுத வந்தது, நாங்கள் காலங்காலமாகத் தின்று வரும் உள்ளூர் ஆழியையும் மட்டியையும் பற்றி.

எர்ணாவூரில் 18 வருஷமாகச் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். மதியச் சாப்பாடு மட்டும்தான். வியாழனும் ஞாயிறும் பச்சை ஆழி வறுவல் உண்டு. அதற்கென்றே திருவொற்றியூரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். முகத்துவாரத்துக் கல்லிலும் பாலத் தூணிலும் ஒட்டிக் கிடப்பதைச் சுரண்டி எடுத்து, ஒரு அக்கா கூடையில் கொண்டுவருவார். ஓட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நாரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறவைப்போம். மண்ணைக் கக்கிவிடும். காலையில் வேகவைத்து, வாய் திறக்காததைத் தூக்கிப் போட்டுவிட்டு, சின்ன வெங்காயம், மிளகு, தேங்காய்க் கீற்று போட்டுப் புரட்டுவோம். என் மாமியார் காட்டிக்கொடுத்த பக்குவம். இதற்கு மேல் ஒரு சுத்தம் இல்லை என்று நம்பியிருந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகம் பூராவும் எண்ணெய் படர்ந்தது ஞாபகம் இருக்கும். அலையாத்திச் செடியெல்லாம் கறுப்பாக நின்றது. ஆழியை மூக்கருகில் கொண்டுபோக முடியவில்லை. மூன்று மாதம் வாங்கவில்லை. அப்புறம் நாற்றம் போனதும் மறுபடி ஆரம்பித்தேன். என் மெஸ்ஸில் சாப்பிடும் வேதியியல் வாத்தியார் ஒருவர் வறுவலைத் தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டு, "எண்ணெயை மூக்கு கண்டுபிடிச்சிடும்மா. ஈயத்தை எது கண்டுபிடிக்கும்?" என்று கேட்டார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. வியாபார நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. தண்ணீர் கெட்டால் மீன் வேறு பக்கம் நீந்திப் போகும். ஆழி ஒட்டிய இடத்திலேயே கிடந்து, மணிக்குச் சில லிட்டர் தண்ணீரை இழுத்து வடிகட்டித்தான் தன் இரையை எடுக்கிறது. தண்ணீரில் சாம்பல் இருந்தால் சாம்பலும் உள்ளே போகும். எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலையாற்றில் சாம்பலுக்குப் பஞ்சமே இல்லை. அனல்மின் சாம்பலைக் குழம்பாகக் கொண்டுபோகும் குழாய்கள் ஒழுகி ஆற்றில் கலப்பதை இந்தப் பக்கத்து ஜனங்கள் பல வருஷமாகப் பார்த்து வருகிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் சாம்பல். அதில் ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக், பாதரசம் எல்லாம் துளித்துளியாக உண்டு. இது போக மணலிப் பக்கத்து ஆலைக் கழிவும், பக்கிங்காம் கால்வாயில் வரும் ஊர்ச் சாக்கடையும்.

ஒரு ராத்திரி ஊறவைத்தால் மண் போகும். நல்ல தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் விட்டால் பாக்டீரியாக் கிருமிகூடப் பெரும்பாலும் போகும். சதையில் ஏறிய உலோகம் அப்படிக் கழலாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும். கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் உலோகம் உலோகம்தான். காட்மியம் நம் சிறுநீரகத்தில் போய் வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிடும். பிள்ளைகள் உடம்பில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, சோதித்தே பார்த்துவிடுவோம் என்று ஒரு கூறு ஆழியை ஐஸ் போட்டு ஒரு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். மீன் கெட்டுப்போயிருந்தால், ஃபார்மலின் போட்டிருந்தால் பார்ப்பார்களாம். இதற்கு அங்கே வழியில்லையாம். தனியார் ஆய்வகம் ஒன்றில் கேட்டேன். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனிக் கட்டணம். கூட்டிப் பார்த்தால் என் மெஸ்ஸின் ஒரு வார லாபம் மொத்தமும் போய்விடும். ஐஸ் உருகுவதற்குள் திரும்பிவிட்டேன்.

ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதிப்பது மட்டும் அவ்வப்போது நடக்கிறது. ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி வற்றும் தண்ணீர் அது. காலையில் எடுத்த பாட்டில் ஒன்றைச் சொல்லும், சாயங்காலம் எடுத்தது வேறொன்றைச் சொல்லும். பல மாதக் கணக்கைத் தன் சதையில் எழுதி வைத்திருப்பது ஆழிதான். அமெரிக்காவில் 1986 முதல் 'மசல் வாட்ச்' என்று ஒரு திட்டமே நடக்கிறது. கடற்கரை நெடுக ஆழியை எடுத்து, சதையில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று வருஷக்கணக்காகப் பதிந்து வருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஆழி, மட்டிச் சதையில் கிலோவுக்கு ஈயம் 1.5 மில்லிகிராமையும், காட்மியம் 1 மில்லிகிராமையும் தாண்டினால் விற்க முடியாது. எண்ணூர் ஆழியில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று என் மெஸ் வாசலில் எழுதிப் போட எனக்கு ஒரு எண் வேண்டும்.

தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தடை என்றால் போலீஸ் அந்த அக்காவின் கூடையைத்தான் பிடிக்கும், ஒழுகும் குழாயை யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆடியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, முகத்துவாரத்திலும் காட்டுக்குப்பத்திலும் பழவேற்காட்டிலும் ஆழி, மட்டி, நண்டு எடுத்து அரசுச் செலவில் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில், எந்த இடத்து ஆழியில் எவ்வளவு என்று, குப்பத்திலும் மீன் மார்க்கெட்டிலும் போர்டில் எழுத வேண்டும். அளவு மீறினால், பிழைப்பு போகிறவர்களுக்கான நஷ்டஈட்டை அழுக்கை விட்டவர்களிடமிருந்து வாங்கித் தர வேண்டும்.

என் பலகையிலிருந்து ஆழி வறுவலை எடுத்துவிட்டேன். அந்த அக்காவிடம் இதைச் சொன்ன அன்று, "நீ வாங்கலன்னா இன்னா, வூட்டுல பேரப்புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடப் போறேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சின்னவளுக்கு நாலு வயது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போதும் ஒரு கூறு மட்டும் வாங்கி, தேதி எழுதி ஃப்ரீசரில் போட்டு வைக்கிறேன். எடுத்துப் போய்ச் சோதிக்க யார் வந்தாலும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் வாசகி,
எர்ணாவூர், சென்னை.