பாப்பாவுக்கு ஒரு கேமரா

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு போட்டோகிராபி படிப்பில் இடம் கிடைத்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம். இங்கே மழை பெய்தும் புழுக்கம் விடவில்லை. உங்கள் ஏற்காட்டில் இப்போது காலையெல்லாம் மூடுபனிதான் இருக்கும். பாப்பாவுக்கு எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டாயே, அந்த விஷயத்தில் இந்த மூடுபனிக்கும் பங்குண்டு, பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர் முதலில் மெகாபிக்ஸலைத்தான் பேசுவார். அதை விட்டுவிடு. 24 மெகாபிக்ஸல் என்றால் 6000-க்கு 4000 புள்ளிகள். ஏ3 தாளில் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) நல்ல பிரிண்ட் போடவே 4961-க்கு 3508 போதும். பாப்பாவுக்கு வேண்டியது எல்லாவற்றையும் நாமே அமைக்கிற எம் மோடு, கேமரா திருத்தாமல் தருகிற ரா ஃபைல், கழற்றி மாட்டுகிற லென்ஸ், ஏபிஎஸ்-சி என்கிற அளவில் சென்சார் (படம் பதிகிற சில்லு). இந்த நாலும் உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவிலேயே கிடைக்கும். அதனால் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, செகண்ட் ஹேண்டில் எடு, மிச்சப் பணத்தை லென்ஸில் போடு.

முடிந்தால் இரண்டு டயல் உள்ள பாடியாகப் பார். ஒன்றில் ஷட்டர் வேகம், மற்றதில் அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழைகிற துளையின் அளவு) என்று விரல் சீக்கிரம் பழகிவிடும். நிக்கான் டி7000 வரிசையில் இது உண்டு. டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாக வருகிறதே என்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை அதில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. ஏஎஃப்-எஸ் மாதிரி மோட்டார் உள்ளேயே இருக்கிற லென்ஸ் வேண்டும்.

அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். படம் வெளுக்குமா இருளுமா என்று எடுக்கும் முன்பே வியூஃபைண்டரில் தெரியும். ஆனால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரியாக ஒன்று வாங்கியே ஆகவேண்டும்.

லென்ஸில் தொடக்கத்துக்கு 18-55 எம்எம் ஜூம் போதும். இரண்டாவதாக எல்லாரும் 50 எம்எம் எஃப் 1.8 சொல்வார்கள் (எஃப் எண் குறைந்தால் துளை பெரிது). ஏபிஎஸ்-சி பாடியில் அது 75 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும். வீட்டுக்குள் ஒருத்தரை எடுக்க முதுகு சுவரில் முட்டும். என் ஓட்டு 35 எம்எம் எஃப் 1.8-க்கு. நிக்கானின் 50 எம்எம் ஏஎஃப்-எஸ் லென்ஸ் 45 செ.மீ.க்குக் கிட்டே வந்தால் ஃபோகஸ் ஆகாது. எங்கள் பேட்டைக் கொலுசின் சலங்கை மணியை எடுக்க வேண்டுமானால், சுமார் 25 செ.மீ. வரை நெருங்குகிற சாதாரண 18-55 தான் கைகொடுக்கும்.

இப்போது முக்கியமானது, லென்ஸுக்குள் பிடிக்கிற ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. வாங்கும்போது லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பார். நிக்கான் லென்ஸைக் கழற்றியதும் உள்ளே துளை மூடிக்கொள்ளும். பின்னால் இருக்கும் குட்டி லீவரை விரலால் தள்ளிப் பிடித்தால் திறக்கும். உள்ளே சிலந்தி நூல் மாதிரியோ வேர் மாதிரியோ கிளைத்திருந்தால் அது ஃபங்கஸ். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். துடைத்தாலும் சில சமயம் கண்ணாடியின் கோட்டிங்கில் தழும்பு நின்றுவிடும். நாலைந்து தூசி தெரிந்தால் பயப்படாதே, படத்தில் வராது.

சென்சாருக்கு வேறு சோதனை. எஃப் 16 வைத்து, ஃபோகஸை விலக்கி, வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார். சாம்பல் பொட்டுகள் தூசி, சுத்தம் செய்துவிடலாம். கூர்மையான கோடு என்றால் கீறலாக இருக்கும், அந்த பாடியை விடு. ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்பது நிக்கானில் எடுத்த படத்தின் ஃபைலிலேயே பதிவாகியிருக்கும். தொடக்கநிலை பாடிகளை 1,00,000 முறை வரை சோதித்து விற்றார்கள். 30,000-க்குள் இருந்தால் தாராளமாக எடு.

மூடுபனி என்றேனே, அந்த ஈரத்தில்தான் ஃபங்கஸ் வளரும். ஏற்காட்டு வீட்டில் கேமராவைப் பையிலேயே வைக்காதே, ஈரம் அதில்தான் தங்கும். மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போடு. 40-லிருந்து 50 சதவீதம் சரியான அளவு. 60-ஐத் தாண்ட விடாதே. நிறம் மாறுகிற ஜெல்லாக வாங்கு, மாறியதும் காயவைக்கலாம். அரிசியில் புதைக்கச் சொன்னால் கேட்காதே, மாவுத்தூசி உள்ளே போகும்.

பாப்பா குளிர்ந்த கேமராவோடு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்தால், ஒரு மணி நேரம் பை ஜிப்பைத் திறக்கக் கூடாது. திறந்தால் இங்கத்திய வெக்கைக் காற்று லென்ஸில் வேர்த்துவிடும்.

பணம் கொடுக்கும் முன் அந்த வானத்துப் படத்தைச் சுருக்காமல் அப்படியே எனக்கு அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி